இருபது பாகைக் கோணம்: கணிதப் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் பி.எஸ்சி. கணிதத்துக்குப் பாடத்திட்டம் வகுப்பவர்கள் நீங்கள். அதை வகுப்பறையில் நடத்துகிறவர்கள் நாங்கள். இந்த மடலில் மூன்றாண்டுப் படிப்பு முழுவதையும் இழுத்துப் போடப்போவதில்லை. முதல் இரண்டு செமஸ்டர்களையும் அவற்றின் வினாத்தாளையும் பற்றி மட்டும் பேசுகிறோம். ஒரு மாணவர் கணிதத்தோடு ஒட்டிக்கொள்கிறாரா, அரியர் விழாமல் கரையேறினால் போதும் என்று ஒதுங்குகிறாரா என்பது பெரும்பாலும் அந்த ஓராண்டுக்குள் முடிவாகிவிடுகிறது.

வருகிறவர்கள் எல்லோரும் கணிதத்தின் மீது மோகம் கொண்டு வருகிறார்கள் என்று சொல்ல மாட்டோம். பி.எட். முடித்து டி.ஆர்.பி. எழுதலாம் என்று வருகிறவர்கள் உண்டு. எம்.சி.ஏ.வுக்கு வழி என்று வருகிறவர்கள், வங்கித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி.க்கும் கை கொடுக்கும் என்று வருகிறவர்கள், பொறியியல் கட் ஆஃப் கைநழுவிப்போய் வருகிறவர்கள் எல்லோரும் உண்டு. லேப் இல்லை, ரெக்கார்டு நோட்டு இல்லை, பேனாவும் தாளும் போதும் என்ற வீட்டுக் கணக்கும் இதில் சேரும். இவற்றில் எதுவும் கேவலமான காரணம் இல்லை. ஆனால் வேலைதான் குறி என்றால் அதற்கு இதைவிடச் சுலபமான பட்டங்கள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் தள்ளிவிட்டு விண்ணப்பத்தில் மேத்ஸ் என்று முதலில் எழுதவைக்கும் ஈர்ப்பு ஒன்று இருக்கிறது. மாணவர்களுக்கே அதற்குப் பெயர் தெரியாது. 'கணக்கு பிடிக்கும் சார்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அந்தப் பிடிப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் முதல் பாடமே அணிகள். ஓர் அணிக்கு நேர்மாறு கண்டுபிடிக்கச் சொல்வார்கள். இணைக்காரணிகளில் எங்காவது ஒரு குறி தப்பும். விடைப்பக்கத்தைப் புரட்ட வேண்டியதில்லை, ஆசிரியரிடமும் போக வேண்டியதில்லை. கிடைத்ததை மூல அணியோடு பெருக்கினால் அலகு அணி வர வேண்டும். வந்தால் சரி, வராவிட்டால் தப்பு. தொகையீட்டிலும் அப்படித்தான்: கிடைத்ததை வகையிட்டால் கேட்டது திரும்பி வர வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளைக்கு வீட்டிலும் பள்ளியிலும் எது சரி என்று யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். யாரும் சொல்லாமலே அதைத் தெரிந்துகொள்ள இந்தப் பாடத்தில் வழி இருக்கிறது. ஆசிரியர் கரும்பலகையில் தப்பாக எழுதினால் கடைசி பெஞ்சுக்காரர் எழுந்து சொல்லலாம், சொன்னது நிற்கும். கணக்கு பிடிக்கும் என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த முதல் பொருள் இதுதான்.

இரண்டாவது பொருள் கொஞ்சம் குறும்பானது. ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகளை வைத்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று நாண்களால் இணையுங்கள். மூன்று நாண்கள் ஒரே இடத்தில் வெட்டாதபடி புள்ளிகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். வட்டம் எத்தனை துண்டாகிறது? ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறாவது புள்ளிக்கு முன் வகுப்பை நிறுத்திக் கேட்டால் அத்தனை பேரும் 32 என்பார்கள். வரைந்து எண்ணினால் 31. எண்ணியது தப்பு என்று மறுபடி எண்ணுவார்கள், மறுபடியும் 31. அதன் பிறகு வகுப்பில் ஒரு சத்தம் எழும். ஏமாந்துபோனதில் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கும் பாடத்துக்குத்தான் அவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாணும் ஒரு துண்டைக் கூட்டுகிறது, ஒவ்வொரு வெட்டுப்புள்ளியும் இன்னொரு துண்டைக் கூட்டுகிறது. ஆறு புள்ளிக்கு நாண் 15, வெட்டுப்புள்ளி 15, தொடக்கத்தில் இருந்த முழு வட்டம் 1, ஆக 31 என்று விளங்கும்போது அந்தச் சந்தோஷம் முழுமையாகிறது.

இப்படி வருகிறவரை முதல் செமஸ்டரில் நாம் என்ன செய்கிறோம்?

இயற்கணிதமும் முக்கோணவியலும் என்ற தாளை எடுத்துக்கொள்வோம். சைன் 6தீட்டாவைச் சைன் தீட்டாவால் வகுத்துக் கொசைன் தீட்டாவின் அடுக்குகளாக எழுதுக என்பது ஆண்டு தவறாமல் வரும் கேள்வி. கொசைன் தீட்டாவைச் சுருக்கமாகக் க என்று குறித்தால் விடை 32க⁵ − 32க³ + 6க. தி மாவரின் தேற்றம், ஈருறுப்பு விரிவு, கற்பனைப் பகுதிகளைச் சமன்செய்தல், சைன் வர்க்கத்துக்குப் பதில் 1 − க² போடுதல் என்று நாலு படி. கை பழகிவிட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும். இதே வகையில் 7தீட்டா, 8தீட்டா, 9தீட்டா என்று ஒரு யூனிட் முழுக்க ஓடுகிறது. எதற்காக விரிக்கிறோம் என்று அந்த யூனிட்டில் ஒரு வரிகூட இல்லை.

எதற்காக என்று காட்டச் செலவாவது ஒரே ஒரு வகுப்பு. கொசைன் 3தீட்டா = 4க³ − 3க என்பது எல்லோருக்கும் பள்ளியிலேயே தெரியும். தீட்டாவுக்கு 20 பாகை போடுங்கள். இடப்பக்கம் கொசைன் 60 பாகை, அதாவது அரை. எனவே 8க³ − 6க − 1 = 0. இதில் 2கவை ம என்று வைத்தால் ம³ − 3ம − 1 = 0. இந்தச் சமன்பாட்டுக்கு விகிதமுறு மூலம் இருந்தால் அது 1 ஆகவோ −1 ஆகவோதான் இருக்க முடியும். சமன்பாட்டியலில் அவர்கள் இதையும் படிக்கிறார்கள். 1 போட்டால் −3 வருகிறது, −1 போட்டால் 1 வருகிறது. ஆக விகிதமுறு மூலமே இல்லை. அளவுகோலும் கவராயமும் கொண்டு வரையக்கூடிய நீளங்கள் எல்லாம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் இவற்றைத் திரும்பத் திரும்பச் செய்து வருபவை. விகிதமுறு கெழுக்களும் விகிதமுறு மூலம் இல்லாமையும் சேர்ந்த முப்படிச் சமன்பாட்டின் மூலங்கள் எதுவும் அந்த வழியில் கிடைக்காது. ஆகவே 20 பாகைக் கோணத்தைக் கவராயத்தால் வரைய முடியாது. 60 பாகையை மூன்றாகப் பிரிக்க முடியாது. பியர் வான்ட்செல் என்ற பிரெஞ்சுக்காரர் 1837-இல் இதை நிறுவினார். அதுவரை ஈராயிரம் ஆண்டுக்கு மேல் திறந்து கிடந்த கேள்வி.

எட்டாம் வகுப்பிலிருந்து கவராயம் வைத்து 60, 30, 90, 45 என்று வரைந்துகொண்டிருந்தவர்களுக்கு 20 மட்டும் ஏன் பாடத்தில் வரவேயில்லை என்பதன் விடை இது. கடைசிப் படியின் முழு நிரூபணம் களங்களின் நீட்சி என்ற உயர் இயற்கணிதப் பகுதி வரை போகும், முதலாண்டில் அதை நடத்த முடியாதுதான். முடியாததைச் சொல்லிவிட்டு, மற்ற எல்லாப் படிகளையும் மாணவர் கையாலேயே போடவைக்கலாம். பெருக்குக் கோண விரிவுகளில் இரண்டை எடுத்துவிட்டு இதற்கு இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். புதுத் தாள் கேட்கவில்லை.

புதுத் தாள் வேண்டாம் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். நிரூபணம் சொல்லித்தர வேண்டும் என்று யாராவது குரல் எழுப்பினால், உடனே 'கணித அடிப்படைகள்' என்ற மாதிரி ஒரு தாள் சேர்க்கப்படுகிறது. அதில் கணம், உறவு, மெய்யட்டவணை, டி மார்கன் விதிகள். மெய்யட்டவணை பிளஸ் டூவின் தனிநிலைக் கணிதப் பாடத்திலேயே இருக்கிறது. தொகுத்தறிதல் பிளஸ் ஒன்னில் இருக்கிறது. படித்ததையே மறுபடி ஆங்கிலத்தில் படித்துவிட்டு, நாலு வரி அட்டவணையை மனப்பாடமாக எழுதிப் பத்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு போவார்கள். நிரூபணம் என்பது தனியாகப் படிக்கும் யூனிட் இல்லை. உப்பைத் தனிக் கிண்ணத்தில் வைத்துச் சாப்பாடு போடுகிற மாதிரி ஆகிவிடுகிறது அது.

இப்போது வினாத்தாள். பரவலாக இருக்கும் அமைப்பு இது: 75 மதிப்பெண், ஐந்து யூனிட். 'அ' பகுதியில் யூனிட்டுக்கு இரண்டாகப் பத்துச் சிறு வினா, தலா 2. 'ஆ' பகுதியில் யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து, தலா 5, ஒவ்வொன்றிலும் இது அல்லது அது. 'இ' பகுதியில் யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து கொடுத்து மூன்று எழுதினால் போதும், தலா 10. ஒருவர் இரண்டு யூனிட்டை அட்டைகூடப் புரட்டாமல் விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அ' பகுதியில் 12, 'ஆ' பகுதியில் 15, 'இ' பகுதியில் முழு 30. மொத்தம் 57, அதாவது 76 சதவீதம். முதல் வகுப்பைத் தாண்டியாகிவிட்டது. அந்த 57-இலும் பாதிக்கு மேல் புக் வொர்க்: தேற்றத்தைக் கூறி நிறுவுக. ஐந்தாண்டு வினாத்தாளைச் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டால் எது எந்த ஆண்டு சுற்றி வரும் என்று ஜோசியம் பார்க்கலாம், பெரும்பாலும் பலிக்கும்.

இதனால் வரும் கேடு மதிப்பெண்ணில் தெரியாது, விடைத்தாளின் உள்ளே தெரியும். பகா எண்கள் முடிவில்லாதவை என்ற யூக்ளிட்டின் நிரூபணத்தை எடுத்துக்கொள்வோம். கணிதத்தின் மீது ஆசை வர இதைவிடச் சின்ன நிரூபணம் கிடையாது. பட்டியலில் உள்ள பகா எண்களைப் பெருக்கி ஒன்று கூட்டு. வருகிற எண்ணை வகுக்கும் பகா எண் எதுவும் பட்டியலில் இருக்க முடியாது. அவ்வளவுதான். ஆனால் விடைத்தாளில், 'பெருக்கி ஒன்று கூட்டினால் வருவது பகா எண், ஆகவே புதிய பகா எண் கிடைத்தது' என்று எழுதியிருப்பார்கள். 2, 3, 5, 7, 11, 13 இவற்றைப் பெருக்கினால் 30030. ஒன்று கூட்டினால் 30031. அது 59 × 509. பகா எண்ணே இல்லை. நிரூபணம் இன்னும் நிற்கிறது, ஏனென்றால் 59 பட்டியலில் இல்லை. இந்த ஒரு கணக்கை ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தவர் அந்தத் தப்பை மறுபடி எழுத மாட்டார். மனப்பாடம் செய்தவருக்கு இரண்டு வாக்கியமும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும், அவருக்கு மதிப்பெண் குறைப்பதும் அரிது.

ஆகவே வினாத்தாளில் ஒரு மாற்றம் கேட்கிறோம். 'ஆ' பகுதியின் ஐந்து வினாக்களில் இரண்டை, பாடநூலில் இல்லாத வகையில் அமைக்க விதி செய்யுங்கள். ஒன்று உடைந்த நிரூபணம், மற்றது உதாரணம் தேடுவது. உடைந்த நிரூபணத்துக்கு மாதிரி ஒன்று:

'அடுத்தடுத்த உறுப்புகளின் வித்தியாசம் பூச்சியத்தை நெருங்கினால் அந்தத் தொடர்வரிசை ஒருங்கும் (ஓர் எல்லையை நோக்கிச் செல்லும்). நிரூபணம்: எப்சிலான் என்ற சிறிய நேர்ம எண் தரப்படுகிறது. ஓரிடத்துக்கு மேல் அடுத்தடுத்த எந்த இரண்டு உறுப்புகளும் எப்சிலானுக்குள் நெருங்கி இருக்கின்றன. ஆகவே அந்த இடத்துக்கு மேல் எந்த இரண்டு உறுப்புகளும் எப்சிலானுக்குள் நெருங்கி இருக்கின்றன. ஆகவே இது கோஷித் தொடர்வரிசை, ஆகவே ஒருங்கும். எந்த வரி தவறு? ஏன்? கூற்றைப் பொய்யாக்கும் உதாரணம் ஒன்று தருக.'

நிரூபணத்தின் மூன்றாவது வாக்கியத்தைச் சுட்டினால் 2 மதிப்பெண், அடுத்தடுத்தவை நெருங்குவதிலிருந்து தூரத்தில் உள்ளவை நெருங்குவது வராது என்று எழுதினால் 1, உதாரணத்துக்கு 2. வர்க்கமூலங்களின் வரிசை போதும்: 10000-இன் வர்க்கமூலம் 100, 10001-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 100.005. வித்தியாசம் இப்படிச் சுருங்கிக்கொண்டே போகும், வரிசையோ எந்த வரம்பையும் தாண்டி ஏறிக்கொண்டே போகும். மதிப்பீட்டு முகாமில் கீ என்ற விடைக்குறிப்பு இல்லாமல் இதைத் திருத்த முடியாது என்ற கவலை நியாயமானது. கீயில் இந்த மூன்று வரியும், ஏற்கத்தக்க வேறு இரண்டு உதாரணமும் இருந்தால் போதும். பத்து மதிப்பெண் புக் வொர்க்கை வரிவரியாக ஒப்பிடுவதைவிட வேகமாகவே திருத்தலாம்.

உதாரணம் தேடும் வினா இன்னும் எளிது. வரம்புக்குட்பட்டும் ஒருங்காத தொடர்வரிசை ஒன்று. இரண்டு பூச்சியமல்லாத அணிகள், பெருக்கினால் பூச்சியம். ஒரு புள்ளியில் தொடர்ச்சியாக இருந்தும் வகையிட முடியாத சார்பு. ஒரு வரியில் விடை, ஒரு வரியில் காரணம்.

'நம்ம பசங்களுக்கு இதெல்லாம் வராது' என்ற பேச்சு குழுக் கூட்டங்களில் எழும் என்று தெரியும். வராதது இரண்டு இடத்தில்தான். ஒன்று பழக்கம், அதற்கு வகுப்பு நேரம் வேண்டும். அதைக் கீழே சொல்கிறோம். இன்னொன்று மொழி. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவர் முதல் நாளிலிருந்து ஆங்கில நூலில் வரையறை படிக்கிறார். வரையறை என்பது ஒரு சொல் இடம் மாறினாலும் பொருள் மாறிவிடும் சங்கதி. எல்லையின் வரையறையைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: எவ்வளவு சிறிய எப்சிலானைக் கேட்டாலும், அதற்கேற்ற ஓரிடம் கிடைக்கும், அந்த இடத்தைத் தாண்டிய உறுப்புகள் எல்லாம் எல்லையிலிருந்து எப்சிலானுக்குள் இருக்கும். 'அதற்கேற்ற' என்ற ஒற்றைச் சொல்லில் முழு நுட்பமும் வந்துவிடுகிறது. கேட்பவர் ஒருவர், கொடுப்பவர் ஒருவர். கேட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும். 1, 1/2, 1/3 என்று போகும் வரிசைக்கு எல்லை பூச்சியம். நூறில் ஒன்று என்று கேட்டால் நூறாம் இடம், ஆயிரத்தில் ஒன்று என்று கேட்டால் ஆயிரமாம் இடம்.

வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்: ஓரிடம் உண்டு, அதைத் தாண்டிய உறுப்புகள் எல்லாம், எவ்வளவு சிறிய எப்சிலானைக் கேட்டாலும், எல்லையிலிருந்து எப்சிலானுக்குள் இருக்கும். இப்போது எந்த வரிசைகள் தேறும்? இடத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டோம், கேட்பவர் எவ்வளவு சின்னதாக வேண்டுமானாலும் கேட்பார். ஆகவே அந்த இடத்துக்கு மேல் எல்லா உறுப்புகளும் அந்த எல்லையாகவே இருந்தாக வேண்டும். 1, 1/2, 1/3 தேறாது. இந்த ஒரு பயிற்சியைத் தமிழில் பேசிச் செய்த வகுப்பு, பிறகு ஆங்கில வரையறையைத் தடுமாறாமல் படிக்கும். ஆகவே தேர்வு ஆங்கிலத்திலேயே இருந்தாலும், முதலாண்டு வகுப்பில் வரையறைகளைத் தமிழில் பேசுவதைக் குறையாகக் கருதக் கூடாது என்று பாடத்திட்டத்தின் முன்னுரையிலேயே ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி இல்லாததால் பல ஆசிரியர்கள் திருட்டுத்தனம்போலத்தான் தமிழில் விளக்குகிறார்கள்.

வகுப்பு நேரத்துக்கு வருவோம். ஒரு தாளுக்கு வாரம் ஐந்து மணி, பதினைந்து வாரம், ஆக 75 மணி என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஒரு மணியைக் கணக்கு அமர்வாக ஒதுக்கினால் 15 மணி போகும். அதை எங்கிருந்து எடுப்பது? ஹார்னர் முறையில் ஒரு மூலத்தை மூன்று தசம இடம் வரை கையால் கண்டுபிடிக்கும் கணக்குகளை எடுத்துவிடலாம். நியூட்டன் முறை இருக்கும்போது அது முதலாண்டு மாணவருக்கு வெறும் கூட்டல் கழித்தல் தண்டனை. தலைகீழ்ச் சமன்பாடுகளில் ஒரே வார்ப்பில் ஏழெட்டுக் கணக்கு போடுவதை மூன்றாகக் குறைக்கலாம். பெருக்குக் கோண விரிவைப் பற்றி முன்பே சொன்னோம். பாக்கியைத் துறை முடிவு செய்யட்டும்.

அமர்வை நடத்துவதில் சில நுணுக்கங்கள் உண்டு, இல்லையென்றால் அது இன்னொரு விரிவுரையாகிவிடும். அறுபது பேர் என்றால் நாலு நாலு பேராகப் பதினைந்து குழு. ஒரு அமர்வுக்கு ஒரே கணக்கு, மிஞ்சினால் இரண்டு. முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, அவரவர் தாளில் தனியாக முயல வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டால் குழுவில் வேகமானவர் விடையைச் சொல்வார், மற்ற மூவர் எழுதிக்கொள்வார்கள். பிறகு இருபது நிமிடம் குழுப் பேச்சு. அடுத்த பதினைந்து நிமிடம் கரும்பலகை. யார் வர வேண்டும் என்பதை ஆசிரியர் முடிவு செய்ய வேண்டும்; குழு முடிவு செய்தால் எப்போதும் அதே ஆள்தான் வருவார். முழுமையாக முடித்தவரை முதலில் அழைக்காதீர்கள். பாதியில் நிற்பவரை அழைத்தால் மீதியை வகுப்பு பிடித்துக்கொள்ளும். கடைசிப் பத்து நிமிடம் அவரவர் நோட்டில் முழு வாக்கியங்களாக எழுத வேண்டும். 'எனவே', 'ஏனெனில்' வராத நிரூபணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கெட்டுப்போகும் இடமும் தெரிந்ததே. இருபதாவது நிமிடத்தில் வகுப்பு அமைதியாக இருந்தால் ஆசிரியருக்குக் கை துறுதுறுக்கும், சாக்பீஸை எடுத்து விடையைப் போட்டுவிடுவார். ஒரு முறை போட்டால் போதும், அடுத்த வாரத்திலிருந்து அவர் போடும்வரை வகுப்பு காத்திருக்கும். விடைக்குப் பதிலாக ஒரு சின்னக் கேள்வியைத் தயாராக வைத்திருப்பது நல்லது: 'மூன்றுக்குப் போட்டுப் பார்த்தீர்களா?' என்பது போல. பாதிக் கணக்குகளில் அது போதும்.

வீட்டுக்கு வாரம் மூன்று கணக்கு. திருத்துவது ஒன்றை மட்டும், எதை என்பது முன்கூட்டித் தெரியாது. ஒரு தாளுக்கு இரண்டு நிமிடம் என்றால் அறுபது தாளுக்கு இரண்டு மணி. கௌரவ விரிவுரையாளர்களின் பாடச்சுமை எங்களுக்குத் தெரியும். அதனால்தான் மூன்றையும் திருத்தச் சொல்லவில்லை. இன்டர்னல் 25-இல் 10 இதற்குப் போகட்டும். இப்போது அந்தப் பத்து அசைன்மென்ட் என்ற பெயரில் பாடநூலைப் பார்த்து எழுதுவதற்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

ராமானுஜனைப் பற்றி எழுதாமல் தமிழில் கணிதக் கட்டுரை முடியாது என்பார்கள். அவர் பிறந்த நாளான டிசம்பர் 22-இல் மாலை போடுவதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தோம். ஆனால் கும்பகோணத்தில் அவர் கையில் கிடைத்த புத்தகம் இங்கே பொருத்தமானது. ஜி. எஸ். கார் என்பவர் தொகுத்தது, ஏறக்குறைய ஐயாயிரம் முடிவுகள் கொண்டது. கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்த ஒரு தனிப்பயிற்சியாளரின் தொகுப்பு. நம் மொழியில் சொன்னால் கைடு. கைடு படித்து ஒருவர் அந்த உயரத்துக்குப் போக முடிந்ததற்கு அவருடைய மேதைமைதான் முதல் காரணம், சந்தேகமில்லை. புத்தகத்தின் குறையும் ஒரு காரணம்: முடிவுகளுக்கு நிரூபணம் இல்லை, இருந்தாலும் ஓரிரு வரிக் குறிப்புத்தான். நிரப்பும் வேலை வாசிப்பவருடையது. நம் கைடுகளில் நிரப்ப ஒன்றுமே மிச்சம் இல்லை. அவர் எஃப்.ஏ. என்ற அக்காலக் கல்லூரித் தேர்வில் தோற்றது கணிதத்தில் அல்ல, மற்ற பாடங்களைக் கவனிக்காததால். அது வேறு கதை.

பிறகு வந்த தலைமுறைக்கும் தேர்வுக்கு வெளியே ஒரு கதவு திறந்திருந்தது. சென்னை லயோலா கல்லூரியில் கற்பித்த பாதிரியார் சார்ல்ஸ் ராசீன், பாரிஸில் எலி கார்த்தானிடம் ஆய்வு செய்தவர். அப்போது பிரான்சில் உருவாகிக்கொண்டிருந்த கணிதத்தின் பக்கம் மாணவர்களைத் திருப்பினார். அவர்களில் எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் 1953-இல் டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார்கள். 1965-இல் அவர்கள் சேர்ந்து வெளியிட்ட தேற்றம் இன்றும் இருவர் பெயராலும் வழங்குகிறது. சேஷாத்ரி பின்னாளில் சென்னைக் கணிதக் கழகத்தை உருவாக்கினார், அது இப்போது சிறுசேரியில் இருக்கிறது. எல்லோரும் சிறுசேரிக்குப் போக வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கே முதல் செமஸ்டரிலேயே கிடைப்பதில் ஒரு பங்கு அரசுக் கலைக்கல்லூரியிலும் கிடைக்கலாம் என்கிறோம்.

1993 முதல் நடக்கும் எம்.டி.டி.எஸ். என்ற கணிதத் திறன் தேடல் கோடைப் பயிற்சி, ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதும் முறையை விட்டு, கேள்வி கேட்டே பாடம் நகர்த்தும் முறையில்தான் நடக்கிறது. தேசிய உயர்கணித வாரியத்தின் ஆதரவு அதற்கு உண்டு. நான்கு வாரத்தில் செய்வதை மூன்றாண்டில் செய்ய முடியாதா? எம்.எஸ்சி. சேர்க்கைக்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வையும் பாருங்கள். மூன்று மணி நேரம், 60 வினா, 100 மதிப்பெண். அதில் பத்து வினாக்களுக்கு, சரியான எல்லா விடைகளையும் தெரிவுசெய்தால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி கிடையாது. ஒரு கூற்று உண்மையா, பொய்யானால் எந்த உதாரணத்தில் என்று மனதுக்குள் தேடிப் பழகாதவர் அங்கே தடுமாறுகிறார். அவர் நம்மிடம் 90 சதவீதம் வாங்கியவராகவும் இருக்கலாம்.

பல பல்கலைக்கழகங்களில் குலக் கோட்பாடும் மெய்ப் பகுப்பாய்வும் ஐந்தாம் செமஸ்டரில்தான் வருகின்றன. அந்த வரிசையை இப்போதே புரட்டிப் போடச் சொல்லவில்லை. முதல் செமஸ்டரில் ஒரே ஒரு தாளில், ஓராண்டுக்கு மட்டும் முயன்று பார்க்கலாம்: வாரம் ஒரு கணக்கு அமர்வு, 'ஆ' பகுதியில் இரண்டு புது வகை வினா, அசைன்மென்ட்டுக்குப் பதில் மூன்று கணக்கு. ஆண்டு முடிவில் விடைத்தாள்களில் ஐம்பதை உருவி எடுத்து, அந்த இரண்டு வினாவுக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று குழுவே உட்கார்ந்து படிக்க வேண்டும். தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் ஆண்டில் அது கொஞ்சம் இறங்கலாம்.

குழு அடுத்த முறை கூடும்போது, நிகழ்ச்சி நிரலுக்கு முன் அரை மணி ஒதுக்கி உறுப்பினர்களே ஓர் அமர்வு நடத்திப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கடைசி வேண்டுகோள். முதல் ஐந்து நிமிடம் பேச்சு கூடாது. கணக்கு, மேலே சொன்ன வட்டம்தான். ஆறு புள்ளியில் 31 என்று இரண்டின் அடுக்குகளை விட்டு விலகிய அந்த எண், பத்துப் புள்ளிக்கு வரும்போது 256 ஆகிறது, மறுபடியும் இரண்டின் அடுக்கு. தற்செயலா, காரணம் இருக்கிறதா? பாஸ்கல் முக்கோணம் கையில் இருந்தால் உதவும். விடைக்குறிப்பு இணைக்கவில்லை.

இவண்,
முதலாண்டுக்குக் கணிதம் நடத்தும் கல்லூரி ஆசிரியர்கள் சிலர்